நடிக்கிற நோயாளியை வைத்து ஸ்பீச் தெரபி போஸ்டிங்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாறு | தஞ்சாவூர்

மூன்றாம் ஆண்டு பிஏஎஸ்எல்பி (பேச்சு, கேட்டல் சிகிச்சைப் பட்டப்படிப்பு) பிள்ளைகளுக்கு கிளினிக் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் வார்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கு வர முடியும்.

பக்கவாதம் வந்து நாலாவது நாள். விவசாயி, அறுபதைத் தாண்டியவர். வலது கை கால் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. என் மாணவி பக்கத்தில் போய், "அய்யா, உங்க பேரு என்ன?" என்றாள். அவர் "அதா... அதா..." என்றார். மறுபடி கேட்டாள், கொஞ்சம் சத்தமாக. மறுபடி, இன்னும் சத்தமாக. ஆறாவது தடவை கேட்கும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள வலது கை வராது, இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. புரோக்கா அஃபேசியாவில், அதாவது மூளை பாதிப்பால் வார்த்தை வெளியே வராமல் போகும் நிலையில், நாம் சொல்வது அவர்களுக்குப் பெரும்பாலும் புரியும், காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். வார்டில் கை நடுங்கும்போது எழுதினது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த ஆறு தடவையையும் அவள் யாருக்கும் வலிக்காத ஓர் இடத்தில் தப்பாகச் செய்து முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தை நாங்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல் உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. குறுவை அறுவடை தொடங்கினால் புறநோயாளிப் பிரிவு காலியாகிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வர யாருக்கும் நேரம் கிடையாது. அந்த வாரங்களில் ஒரு நோயாளியைச் சுற்றி ஆறு மாணவர்கள் நோட்டோடு நிற்பார்கள். பயிற்சி நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கில் மணி ஏறும். கற்றுக்கொள்வது ஒருவர், மிச்ச ஐந்து பேர் வேடிக்கைதான் பார்க்கிறார்கள்.

அதனால் வார்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஐந்து நாள் சிமுலேஷன் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஊர் நாடகக் குழுவிலிருந்து இரண்டு பேர் நோயாளியாக நடிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?


அரசலாறு | கும்பகோணம்

இருபத்திரண்டு வருஷமாகத் தெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை.

நடிக்கிறவருக்கு எச்சில் வழியாது. அவரைச் சுற்றி நாலு பேர் நின்று "சொல்லுப்பா, அப்பான்னு சொல்லு" என்று பிடுங்க மாட்டார்கள். கேட்டதற்கெல்லாம் மனைவி பதில் சொல்ல, மனுஷன் கண்ணை மூடிக்கொள்ள, அந்த நேரத்தில் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தடுமாறுவோமே, தொழிலே அங்கேதான் இருக்கிறது. ஏசி அறையில் வைத்து அதைச் சொல்லித்தர முடியுமா?

நோயாளி வரவில்லை என்றால் நாம் போக வேண்டும். 2013-லிருந்து தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்பிஎஸ்கே) கீழ் மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று வந்திருக்கிறது. பேச்சு வராத பிள்ளை, காது கேளாத பிள்ளை எல்லாம் அங்கே அனுப்பப்படுகிறார்கள். வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் தனியாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆறு மாணவர்களையும் அங்கே அனுப்புங்கள். பிள்ளைகளுக்கும் பிரயோஜனம், மாணவர்களுக்கும் பிரயோஜனம்.

என் பயம் இதுதான். இன்றைக்கு ஐந்து நாள் என்று ஆரம்பிப்போம். நாளைக்கு நோயாளியே இல்லாத கல்லூரிகள் இதையே சாக்காக வைத்து, மொத்தப் போஸ்டிங்கையும் அறைக்குள்ளேயே முடித்துவிடும். அப்படிப் பட்டம் வாங்கி வருகிறவரிடம் நம் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவோமா?


மன்னைப்பிள்ளை | மெல்பர்ன்

அரசலாறு சார், உங்கள் கடைசிப் பத்தியில் இருக்கிற பயம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த முறையின் கதையைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

நோயாளியாக நடிக்க ஆளைப் பழக்குவது 1963-லேயே ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் மருத்துவ மாணவர்களைச் சோதிக்க அதைச் செய்தார். நர்ஸிங்கில் 2014-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் பத்து நர்ஸிங் கல்லூரிகள் இருந்தன. மருத்துவமனை நேரத்தில் பாதியை நல்ல தரமான சிமுலேஷனாக மாற்றியும் பிள்ளைகள் பின்தங்கவில்லை. நம் துறையில் ஆஸ்திரேலியாவின் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பார்த்தார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் போஸ்டிங் நேரத்தில் சுமார் 20 சதவீதத்துக்குப் பதிலாக ஐந்து நாள் சிமுலேஷன், மற்றவர்களுக்கு வழக்கமான போஸ்டிங். முடிவில் திறமையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. நம் துறையின் அமெரிக்கச் சங்கமும் (ஆஷா) நோயாளியோடு நேரடியாகச் செலவிட வேண்டிய 375 மணியில் 75 மணியைச் சிமுலேஷனில் எடுக்கலாம் என்று அனுமதித்தது.

ஐந்தில் ஒரு பங்கு. மீதி நாலு பங்கு உயிருள்ள மனிதர்களிடம்தான். உங்கள் பயத்துக்கு இந்தக் கணக்குதான் வேலி.

வெண்ணாறு அக்காவுக்கு ஒன்று. நான் இங்கே படித்தபோது அந்த ஐந்து நாளில் என் மனசில் நின்றது நடிகர் இல்லை, நிறுத்தம். செஷன் நடுவில் நமக்குத் திணறினால் கையைத் தூக்கி "நிறுத்தம்" சொல்லலாம். நடிகர் அப்படியே உறைந்துவிடுவார். சூப்பர்வைசரும் கூடப் படிக்கிறவர்களும் இரண்டு நிமிஷம் பேசுவார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்தோ, ஒரு கேள்வி முன்னாலிருந்தோ மறுபடி. உண்மையான வார்டில் யாருக்கும் கிடைக்காத வரம் அது. செஷன் இருபது நிமிஷம் என்றால் அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுவது நாற்பது நிமிஷமாவது இருக்க வேண்டும். அதை வெட்டினால் மிஞ்சுவது நாடகம் மட்டும்தான்.


முள்ளியாறு | திருத்துறைப்பூண்டி

நான் மூணாவது வருஷம் படிக்கிறேன். வேற காலேஜ். எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

ஆறு மாசமா நான் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் தெரபி நடக்கும், இந்தப் பக்கம் நாங்க நோட்ஸ் எடுப்போம். மேடம் செய்யுறப்ப எல்லாமே சுலபமா தெரியுது. குழந்தை பந்தைத் தூக்கி எறிஞ்சா அதையே விளையாட்டா மாத்திடுறாங்க. நான் உள்ள போன அன்னைக்கு குழந்தை பந்தைத் தூக்கி எறிஞ்சிது. நான் போய் எடுத்துட்டு வந்தேன். மறுபடி எறிஞ்சிது, மறுபடி எடுத்தேன். முப்பது நிமிஷமும் அதுலயே போச்சு. அவங்க அம்மா ஒண்ணும் சொல்லல. வேதாரண்யத்துலேர்ந்து விடியக்காலை பஸ் ஏறி வந்தவங்க.

எங்களுக்கு நோயாளி மேல பயம் இல்ல சார். நம்மால அவங்களுக்கு ஒண்ணு ஆகிடுமோன்னுதான் பயம். முழுங்க முடியாதவங்களுக்குத் தண்ணி குடுத்துப் பாருன்னு சொல்றப்ப நெஞ்சு அடிச்சுக்குது. அந்தப் பயத்தோட பக்கத்துல போனா நோயாளி முகம் கண்ணுலயே படாது. கையில இருக்கற ஸ்பூன்தான் தெரியும். ஒரே ஒரு தடவை, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சு செஞ்சு பாத்துட்டா, அடுத்த தடவை முகத்தைப் பாக்கலாம். அவ்வளவுதான் கேக்குறேன்.


குடமுருட்டி | பாபநாசம்

நான் இந்தத் துறை இல்லை. எங்க அம்மாவுக்கு நாலு வருஷம் முன்னால ஸ்ட்ரோக். ஒரு மருத்துவமனையில் இருந்தபோது தினம் தினம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் அதே அட்டையைக் காட்டுவார்கள். சாவி, சீப்பு, கப்பல். நேற்று வந்த பெண் கேட்டதையே இன்று வந்த பையனும் கேட்பான். அம்மா பத்தாவது நாள் அட்டையைத் தட்டிவிட்டார். "ஒத்துழைக்கவில்லை" என்று சீட்டில் எழுதினார்கள். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முதல் தடவை வருகிறவர்கள் பழகுவதற்கு வேறு இடம் இருக்கிறது என்றால் தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அப்போது தன் பெயரைச் சொல்ல மாட்டார். ஆனால் நடவுப் பாட்டு ஒன்றை நான் முதல் வரி எடுத்துக் கொடுத்தால் முழுசாகப் பாடிவிடுவார், வார்த்தை பிசகாமல். பேச்சு வராதவர்களுக்குப் பாட்டு வருவது உண்டு என்று பிறகுதான் ஒரு தெரபிஸ்ட் சொன்னார். எந்த அட்டையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் நடிகருக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள்.

அம்மா இப்போது மெதுவாகப் பேசுகிறார். நடிகருக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால் அழைத்து வருகிறேன். கேட்டுப் பார்த்தேன், சரி என்று தலையாட்டினார்.


புதுஆறு | பட்டுக்கோட்டை

எனக்குத் திக்குவாய். எழுதும்போது திக்காது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற எதை வேண்டுமானாலும் நடிக்க வையுங்கள். திக்குவதை மட்டும் நடிகரிடம் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்று வரைக்கும் எனக்கு முன்னால் அதை நடித்துக்காட்டாதவர்களே கிடையாது. நடிக்கிறவர் முதல் எழுத்தை நாலு தடவை சொல்வார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆனால் திக்குவாயில் பெரும்பங்கு வெளியே தெரியாது. "பட்டுக்கோட்டை" வராது என்று தெரிந்து கண்டக்டரிடம் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். அந்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். இதை எந்த நடிகர் நடிப்பார்?

மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தர எங்களையே கூப்பிடுங்கள். நோயாளியாக வேண்டாம், ஆசிரியராகக் கூப்பிடுங்கள். வருகிறவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள்.


வெண்ணாறு | தஞ்சாவூர்

புதுஆறு, நீங்கள் சொன்னபடியே. திக்குவாய்க்கு நடிகர் கிடையாது. அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

குடமுருட்டி, அம்மாவுக்கு என் வணக்கம். கட்டாயம் வரச் சொல்லுங்கள்.


கடுவையாறு | நாகப்பட்டினம்

விழுங்கும் சிக்கல் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் வேலை. இதற்கு நடிகரே வேண்டாம். ஒருவர் தப்பாக விழுங்குவதுபோல் நடிப்பது ஆபத்து. கஞ்சியும் சிரிஞ்சும் போதும்.

உணவு, திரவத்தின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் சர்வதேச ஐடிடிஎஸ்ஐ அளவுகோலில் திரவம் 0-லிருந்து 4 வரை. 10 மில்லி சிரிஞ்சில் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி கோடு வரை ஊற்றி, விரலை எடுத்து, பத்து விநாடி கழித்து மறுபடி அடைக்க வேண்டும். 1 மில்லிக்குக் குறைவாக மிஞ்சினால் 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8-க்கு மேல் நிலை 3. ஒன்றுமே இறங்காவிட்டால் நிலை 4, அதற்கு ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிரிஞ்ச் வாங்கும்போது ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து 10 மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். குட்டையாக, தடியாக இருக்கிற சிரிஞ்சில் கணக்கு மாறிவிடும்.

நாங்கள் மாணவர்களை வைத்து ஒரு காலைப்பொழுது முழுக்க இதைச் செய்தோம். நீராகாரம், வடித்த கஞ்சி, நொய்க்கஞ்சி, கேழ்வரகுக் கூழ், மோர். வடித்த கஞ்சி சூடாக இருந்தபோது சரசரவென்று இறங்கியது. அதே கஞ்சி அரை மணி நேரம் ஆறியதும் சிரிஞ்சிலேயே நின்றுவிட்டது. "கஞ்சி குடுங்க" என்று சீட்டில் எழுதுகிறோமே, எந்தக் கஞ்சி, எத்தனை சூட்டில் என்று எழுதுவதில்லை. ஒரு பிள்ளை நொய்க்கஞ்சியைச் சாப்பிட்டுப் பார்த்த ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிண்ணம் மட்டும் நீர்த்துப்போயிற்று. எச்சில் மாவுச்சத்தைக் கரைக்கிறது. வீட்டில் மருமகள் ஒரே கிண்ணத்திலிருந்து அரை மணி நேரம் ஊட்டும்போது இதே கதைதான். முதல் வாயில் கெட்டியாக இருந்தது கடைசி வாயில் தண்ணீர், அங்கே புரையேறுகிறது.

பிறகு ஒருவருக்கு ஒருவர் ஊட்டிக்கொண்டார்கள். சும்மா நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்தவர் கையால், அவர் வேகத்துக்கு வாங்கிச் சாப்பிடுவது. மூன்று வாய்க்குள் எல்லாருக்கும் கோபம் வந்துவிட்டது, "மெதுவா" என்று சொல்ல வாய் காலியாக இல்லை. அதை உணர்ந்தவர் வார்டில் ஸ்பூனைத் திணிக்க மாட்டார். முள்ளியாறு, தங்கச்சி, இதற்குக் கல்லூரி அனுமதிகூட வேண்டாம். ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து செய்யுங்கள்.


அரசலாறு | கும்பகோணம்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்த நிறுத்தம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. என் முதல் வருஷத்தில் யாராவது ஒருவர் அப்படிக் கையைத் தூக்க விட்டிருந்தால் ஒரு தாயிடம் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை.

அதனால் உங்களுக்கு ஒரு காட்சி தருகிறேன். குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது, வைக்கவும் முடியாது. அம்மாவையும் மாமியாரையும் நடிக்க வையுங்கள். இரண்டரை வயசுப் பையன், பேச்சு இல்லை, பரிசோதனையில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்துவிட்டது. அதை மாணவர் சொல்ல வேண்டும். மாமியார் சொல்வார், "இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசுனான், நீங்க ஒண்ணும் பயமுறுத்தாதீங்க." அம்மா எதுவும் பேச மாட்டார். அடுத்து, கேஸ் ஹிஸ்டரி படிவத்தில் அந்தக் கேள்வி வரும்: சொந்தத்தில் கல்யாணமா? நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் சாதாரணம். நமக்கு அது ஒரு கட்டம், டிக் போட வேண்டும். அந்த அம்மாவுக்கு அது தீர்ப்பு. மாமியார் முன்னால் வைத்து அதைக் கேட்கலாமா, தனியாகக் கேட்கலாமா, எந்த வார்த்தையில் கேட்கலாம்? இதை ஒவ்வொரு மாணவரும் மூன்று தடவையாவது செய்து பார்க்க வேண்டும்.

அதோடு அந்த அம்மா வெளியே போகும்போது கையில் ஒரு வழி இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) ஆறு வயசுக்குள்தான், அதற்குள் ஒவ்வொரு மாதமும் முக்கியம். பிறந்து ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் முறை. இரண்டரை வயசில் வருகிறவரிடம் அதைச் சொல்லிக் குத்தக் கூடாது. "இன்னும் நேரம் இருக்கு, இன்னைக்கே ஆரம்பிப்போம்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு நிபந்தனை. சிமுலேஷன் மணியை லாக் புக்கில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நோயாளியோடு இருந்த மணியோடு கலக்காதீர்கள். அட்டைகளிலும் கவனம் வையுங்கள். வெளிநாட்டுப் படத்தில் இருக்கும் பனிவீட்டைக் காட்டி நம் அப்பாயியிடம் பெயர் கேட்டு, தெரியவில்லை என்றால் மூளையில் குறை என்று எழுதுகிறோம். ஆட்டுக்கல்லைக் காட்டிக் கேட்கட்டும்.


வெண்ணாறு | தஞ்சாவூர்

ஐந்து நாளும் முடிந்துவிட்டது. எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் கேஸ் ஹிஸ்டரி, நான்காம் நாள் கஞ்சி, ஐந்தாம் நாள் ரிப்போர்ட் எழுதி நர்ஸிடம் ஒப்படைப்பது. எல்லாம் ஓரளவு சரியாகவே போயின. மூன்றாம் நாள் அரசலாறு சாரின் காட்சியில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள், அம்மாவாக நடித்தவர் உட்பட. அதற்கு இன்னும் நிறைய நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நாடகக்காரர் அண்ணன் ஒத்திகையில் வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கையை மடக்கிக்கொண்டு, ஓவென்று சத்தம் போட்டார். மேடைக்கு அது சரி. குடமுருட்டியின் அம்மா ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தச் சொன்னார். பிறகு விரலால் தன் நெற்றியைத் தொட்டு, "இங்க... இருக்கு" என்றார். உதட்டைத் தொட்டார். ரொம்ப நேரம் ஆயிற்று. "இங்க... வரல." அறையில் ஒரு சத்தம் இல்லை. அண்ணன் வாயைக் கோணுவதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம், வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நிற்கிற ஒரு மனுஷனின் கண் மட்டும்தான்.

வார்டில் கத்திய அந்த மாணவியின் முறை வந்தது. மனைவியாக நடித்தவர் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அவள் கையைத் தூக்கி "நிறுத்தம்" என்றாள். இரண்டு நிமிஷம் பேசினோம். மறுபடி தொடங்கியதும் மனைவியைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்றது எனக்கு ரொம்ப உதவியா இருக்கு. இப்ப கொஞ்ச நேரம் அய்யாவைக் கேக்குறேன், நீங்களும் பாருங்க" என்றாள். பிறகு வெற்றிலைப் பெட்டியை அவர் இடது கைப்பக்கம் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சும்மா இருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினான்கு விநாடி. போன மாதம் இவளால் இரண்டு விநாடி இருக்க முடிந்ததில்லை.

குறை என்று பார்த்தால், அண்ணன் சீக்கிரம் "குணமாகி" விடுகிறார். பிள்ளைகள் மேல் பிரியம். மாணவர் நன்றாகச் செய்தால் வார்த்தை வர வேண்டும் என்று அவருக்கே ஆசை. அஃபேசியாவில் நன்றாகச் செய்தாலும் வார்த்தை வராத நாள்தான் அதிகம். அடுத்த தடவை, கடைசி வரை ஒரு வார்த்தைகூட வராத ஒரு செஷனை எழுதிக் கொடுக்கப்போகிறேன். மணிகளைத் தனிப் பக்கத்தில்தான் எழுதினோம்.

நேற்று அதே மாணவி வார்டுக்குப் போனாள். வேறு நோயாளி, திருவையாறு பக்கத்து ஆத்தா ஒருவர். பெயரைக் கேட்கவில்லை. முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆத்தாவின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தாள்.

அடுத்த பேட்ச் தை அறுவடை நேரத்தில். மாமியார் வேஷத்துக்கு ஆள் வேண்டும்.


அரசலாறு | கும்பகோணம்

மூன்றாம் நாளுக்கு நானே வருகிறேன், என் அக்காவையும் அழைத்து வருகிறேன். பதினைந்து வருஷம் அங்கன்வாடியில் இருந்தவர், இந்த மாமியார்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும்.

ஊருக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். திருவிடைமருதூர் பக்கம் மூன்று பள்ளிகளில் பேசி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தோறும் ஆறு பிள்ளைகளை அனுப்புங்கள். காலை ஒன்பதரைக்குள் வந்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் பசியில் உட்கார மாட்டார்கள்.